ஓடும் வீடும் ஒரு குறிப்பேடும்



‘கேரவன்’ என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது, திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின் இடைவேளையில் இளைப்பாறும் பெருவண்டியே ஆகும். ஆனால் ஐரோப்பிய நாடுகளில், சிறப்பாக ஜெர்மனியில், அது நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறைத் துணை. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் தம் சேமிப்பில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கி, ஆண்டில் சில வாரங்களை ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் கழிக்கின்றனர். சக்கரங்களின் மேல் அமைந்த அச்சிறு வீட்டில் அடுப்பு உண்டு, படுக்கை உண்டு, குளியலறை உண்டு, குளிர்சாதனப் பெட்டி உண்டு, குளிர் நாள்களில் அறையைச் சூடேற்றும் கணப்பும் உண்டு.

நாம் குடியிருக்கும் வீட்டிற்கு மின்சாரம் கம்பியில் வருகின்றது. நீர் குழாயில் வருகின்றது. கழிவு சாக்கடையில் போய்விடுகின்றது. ஓடும் வீட்டிலோ இவை யாவற்றையும் வீட்டுக்காரரே சுமந்து திரிய வேண்டும். அவரே மின்வாரியம், அவரே குடிநீர் வாரியம், அவரே துப்புரவுப் பணியாளர். ஆகவே அவ்வண்டியில் இன்பம் எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவு. அப்பொறுப்பை ஒரு முதிய தம்பதியர் எவ்வாறு ஏற்றனர் என்பதையும், ஓர் இரவில் அது எவ்வாறு தவறியது என்பதையும் இம்மாதம் சொல்ல விழைகின்றோம்.

ஓடும் வீட்டின் பிறப்பே ஒரு குடும்பக் கதைதான். ஜெர்மனியின் தென்கோடியில் இஸ்னி என்றொரு சிற்றூர். அங்கே சாட்டைகளும் பனிச்சறுக்குக் கோல்களும் செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ். தொழில் நிமித்தம் ஊர் ஊராய்ச் செல்ல வேண்டியிருந்த அவர், தம் வாழ்க்கைத் துணையாகத் தேர்ந்த ஃப்ரீடல் என்னும் ஓவியரைப் பிரிந்திருக்க மனமின்றி, 1931-இல் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லத்தக்க ஒரு வீட்டு வண்டியைச் செய்தார். அதுவே அந்நாட்டின் முதல் கேரவன் எனக் கருதப்படுகின்றது. பின்னர் 1951-இல் ஃபோக்ஸ்வாகன் வண்டிக்குள் பொருத்தத்தக்க படுக்கையும் பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன. இப்படி வளர்ந்ததே இன்றைய மோட்டார் இல்லம். இவ்வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்று பாட் வால்ட்சே என்னும் நகரில் 2011-இல் திறக்கப்பட்டது. அதனைக் காணச் சென்ற வழியில்தான் நாம் சொல்லப் புகும் நிகழ்ச்சி நடந்தது.

2019-ஆம் ஆண்டு கோடையில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக, தென் ஜெர்மனியின் ஒரு பங்கில் ஆறு வாரங்கள் பணியாற்றினோம். பணி முடிந்து ஊர் திரும்ப ஐந்து நாள்கள் எஞ்சியிருந்தன. அப்பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவரும் அவர் துணைவியாரும் தம் மோட்டார் இல்லத்தில் நம்மை அழைத்துச் செல்ல முன்வந்தனர். பெரியவர் தொழிற்சாலையில் மின்பணியாளராய் இருந்து ஓய்வு பெற்றவர். இதய நோய்க்கு நாள்தோறும் மாத்திரை உண்பவர். வண்டிக்கு இருபது வயது இருக்கும். ஆயினும் புத்தம் புதியது போல் துலங்கியது. ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் கறுப்பு அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று கிடந்தது. எண்ணெய் மாற்றிய நாள், டயர் வாங்கிய நாள், சிலிண்டர் திறந்த நாள் என எல்லாம் அதில் இருந்தன. அம்மையார் அதைத் தொட்டதே இல்லை. “அது அவருடைய ராச்சியம், சுவாமி” என்று சிரித்தார்.

முதல் நாள் மாலை, ஆல்காய் மலையடிவாரத்தில் சரளைக் கற்கள் பரப்பிய ஒரு திடலில் வண்டியை நிறுத்தினோம். வழக்கமாக அவர்கள் மின் இணைப்புள்ள முகாம்களிலேயே தங்குவர். அன்று இடமின்மையால் இணைப்பில்லாத திடலில் தங்க நேர்ந்தது. இருட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறுகள் தோன்றின. விளக்குகள் மங்கின. குழாயைத் திருகினால் பம்ப் முனகிற்றேயன்றி நீர் வரவில்லை. எரிவாயுவில் இயங்க வேண்டிய குளிர்சாதனப் பெட்டி பற்றிக்கொள்ளாமல் சிவப்பு விளக்கைக் காட்டியது. விளக்கு கெட்டது, பம்ப் கெட்டது, பெட்டியும் கெட்டது. பயணம் இவ்வளவுதான் என்று நாம் எண்ணினோம். பெரியவர் எண்ணவில்லை.

“சுவாமி, ஒரே நேரத்தில் மூன்று பொருள்கள் கெடுவதில்லை. மூன்றுக்கும் பொதுவானது எதுவோ அதுவே கெட்டிருக்கும்” என்றார்.

ஓடும் வீட்டின் கோளாறுகளைக் கண்டறிய இதனினும் சிறந்த விதி வேறில்லை. விளக்கும் பம்பும் 12 வோல்ட் பேட்டரியில் இயங்குகின்றன. குளிர்சாதனப் பெட்டி எரிவாயுவால் குளிர்ந்தாலும், சுடரைப் பற்றவைக்கும் மின்பொறிக்கும் அதைக் கண்காணிக்கும் மின்சுற்றுக்கும் அதே பேட்டரிதான் உயிர். ஆகவே பெரியவர் பம்பைக் கழற்றவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. நேரே மூலத்திற்குச் சென்றார்.

வோல்ட் மீட்டரை எடுத்து, பம்பை ஓடவிட்டபடியே பேட்டரியின் ஈய முனைகளில் வைத்தார். 12.5 காட்டியது. பிறகு ஃபியூஸ்கள் உள்ள பலகையில் வைத்தார். 10.8 காட்டியது. பேட்டரியிடம் மின்சாரம் இருக்கின்றது. பலகைக்கு வந்து சேரவில்லை. குற்றவாளி இடையில் எங்கோ ஒளிந்திருக்கின்றான். பேட்டரியின் முனையைப் பற்றியிருந்த பித்தளைப் பிடியை விளக்கொளியில் பார்த்தபோது, அதில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, நேர்முனையைப் பிறகு கழற்றினார். சமையல் சோடா கரைத்த வெந்நீரால் பூப்பைக் கழுவித் துடைத்து, கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சிடத் தேய்த்தார். நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் பூட்டி, மேலே வாசலின் தடவினார். அரை மணியில் விளக்கு எரிந்தது, நீர் வந்தது, பெட்டியும் பற்றிக்கொண்டது. புதுப் பொருள் ஒன்றுகூட வாங்கவில்லை.

பேட்டரியைப் பற்றி இங்கே சிறிது சொல்வது பயனுடையது. நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைத்திருப்பதும் பெரும்பாலும் இவ்வகை ஈய–அமில பேட்டரியே. நிறைந்து ஓய்ந்திருக்கும்போது அது ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும்; 12.2 காட்டினால் பாதி தீர்ந்தது என்று கொள்ளலாம். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினாலும், தீர்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் போட்டு வைத்தாலும் அதன் ஆயுள் குன்றும். குளிர்காலம் முழுவதும் வண்டி கொட்டகையில் நிற்கும் நாடுகளில் பல பேட்டரிகள் உழைத்துச் சாவதில்லை, உழைக்காமல் சாகின்றன. இக்காலத்தில் லித்தியம் பேட்டரிகள் பெருகியுள்ளன. எடை குறைவு, ஆற்றல் மிகுதி. ஆனால் தீரும் தறுவாய் வரை அவற்றின் வோல்ட் அளவு பெரிதும் இறங்காமையால், வோல்ட் மீட்டரை மட்டும் நம்பி இருப்பை அறிய இயலாது. உறைநிலைக்குக் கீழான குளிரில் அவற்றுக்கு மின்னேற்றுவதும் கேடு.

அந்தக் குளிர்சாதனப் பெட்டியும் வியப்புக்குரியதே. நம் வீட்டுப் பெட்டிக்குள் கம்பிரசர் உறுமுகின்றது. இதிலோ ஓசையே இல்லை. 1922-இல் சுவீடன் நாட்டில் பொறியியல் மாணவர்களாய் இருந்த ஃபோன் பிளாட்டன், முன்டர்ஸ் என்னும் இருவர் கண்ட முறை இது. அம்மோனியா கலந்த நீரை ஒரு சிறு சுடரால் சூடாக்க, அம்மோனியா ஆவியாகிப் பிரிந்து, குளிர்ந்து நீர்மமாகி, ஹைட்ரஜன் வாயுவுடன் கலந்து மீண்டும் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. நெருப்பால் குளிர் பிறக்கின்றது! இச்சுழற்சி புவியீர்ப்பால் மட்டுமே நடைபெறுவதால், வண்டி சாய்ந்து நின்றால் குழாயில் நீர்மம் தேங்கிப் பெட்டி குளிராது. ‘பெட்டி கெட்டுவிட்டது’ என்று பணிமனைக்கு ஓடும் பலருக்குத் தேவையானது, சக்கரத்தின் கீழ் வைக்க ஒரு மரக்கட்டையே. மாறாக, பெட்டியின் பின்புறக் குழாய்களில் மஞ்சள் பொடி தென்பட்டாலோ, அம்மோனியா நெடி வீசினாலோ உடனே அணைத்துவிட வேண்டும். கசிவின் அடையாளம் அது.

அன்றிரவு மகிழ்ச்சியுடன் உணவருந்தினோம். வெற்றி பெற்ற பெரியவர் குறிப்பேட்டில் நாளும் நேரமும் எழுதினார். செப்டம்பர் தொடக்கமாயினும் மலைக்காற்று ஊசியாய்க் குத்தியது. நம் படுக்கையை அடுத்துத் தரையில் ஒரு துளையிட்ட தட்டு இருந்தது. அதன் வழியே குளிர்காற்று வந்து காலைத் தாக்கவே, வெப்ப நாட்டிலிருந்து சென்ற நாம், ஒருவரிடமும் கேளாமல், துவாலை ஒன்றைச் சுருட்டி அதன்மேல் அழுத்தி வைத்துவிட்டு உறங்கிப்போனோம். இதனை வெட்கத்துடனேயே எழுதுகின்றோம்.

விடியலுக்கு முன் நான்கு மணியளவில் பெரியவர் எழுந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. குமட்டுவதாகச் சொன்னார். மாத்திரையின் கோளாறு என்று அம்மையார் கருதினார். தமக்கும் தலை வலிப்பதாகவும், அது பயணக் களைப்பு என்றும் சொன்னார். நமக்கும் நெற்றிப் பொட்டில் சம்மட்டி அடித்தது. அதைக் குளிரின் மேல் போட்டுக்கொண்டு பேசாமல் படுத்திருந்தோம்.

“சுவாமி, உங்களுக்கும் தலை வலிக்கிறதா?” என்று பெரியவர் கேட்டார்.

“ஆம்” என்றோம்.

அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. மாலையில் தாம் சொன்ன விதியே அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மூவருக்கு ஒரே நேரத்தில் மூன்று நோய்கள் வருவதில்லை. “கதவைத் திறங்கள்! வெளியே! வெளியே!” என்று கூவினார். தள்ளாடியபடி மூவரும் இறங்கினோம். அவர் வெளிப்புற அறையைத் திறந்து சிலிண்டரின் வால்வை மூடினார். மூடியவர் புல்தரையில் அப்படியே அமர்ந்துவிட்டார்.

112 எண்ணில் அழைத்ததும் அவசர ஊர்தி வந்தது. மருத்துவமனையில் குருதியைச் சோதித்து, மூவருக்கும் ஆக்சிஜன் கொடுத்தனர். நம் குருதியில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. அது சிறு அளவே; ஆனால் இன்னும் சில மணி நேரம் உறங்கியிருந்தால் விழித்திருப்போமா என்பது ஐயம் என்று மருத்துவர் கூறினார். இதய நோயாளிக்கு அச்சிறு அளவும் ஆபத்தே.

எரிபொருள் போதிய காற்றின்றி அரைகுறையாய் எரியும்போது பிறப்பது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதுமில்லை. சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கு காட்டிக் கொடுக்கும். அதற்கென்றே அதில் நாற்றம் கலந்திருக்கின்றனர். இந்த வாயுவுக்கு அப்படி ஓர் அடையாளமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இதைப் பற்றிக்கொள்கின்றது. தலைவலி, குமட்டல், மயக்கம், உறக்கம் என அது படிப்படியாய் ஆளைக் கொள்ளும். ஒரே கூரையின் கீழ் இருப்போர் பலருக்கும் இவை ஒருங்கே தோன்றுவதும், வெளிக்காற்றில் தணிவதும் இந்நஞ்சின் முதல் அடையாளங்கள்.

பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பார்த்தபோது, குளிர்சாதனப் பெட்டிக்குரிய வெளிப்புறச் சல்லடைத் தட்டின் மேல் கரிக்கோடு ஒன்று படிந்திருந்தது. அதனைக் கண்டதும் பெரியவரின் முகம் வாடிற்று. மின்சாரத்தில் கோளாறு தேடிய ஆர்வத்தில், பற்றவைத்த பின் சுடரின் நிறத்தை அவர் பார்க்கவில்லை. நன்றாய் எரியும் எரிவாயுச் சுடர் நீலமாய் இருக்கும். மஞ்சளாய் எரிந்து கரி கக்கினால் காற்று போதவில்லை என்று பொருள்.

அவர் கைத்தேர்ச்சி உள்ளவர். அன்று மாலைக்குள் தாமே பிரித்துச் செப்பனிட்டிருக்க முடியும். ஆனால் செய்யவில்லை. “மின்சாரமும் நீரும் என் எல்லைக்கு உட்பட்டவை; எரிவாயு அப்படியன்று” என்று சொல்லி வண்டியைப் பணிமனைக்கு அனுப்பினார். தன் எல்லையை அறிவதும் தேர்ச்சியின் ஒரு பகுதியே. ஜெர்மனியில் வண்டியின் எரிவாயு அமைப்பைத் தகுதி பெற்றவர் ஈராண்டுக்கு ஒரு முறை சோதிக்கின்றார். 2025 ஜூன் முதல் இது அங்கே சட்டப்படி கட்டாயமாகியுள்ளது. ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் பத்தாண்டுக்குள் மாற்றியாக வேண்டும்.

பணிமனையில் கண்டவை நான்கு. ஓராண்டுக்கு மேல் எரிவாயுவில் இயங்காதிருந்த பெட்டியின் எரிமுனையில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அதனால் சுடர் மஞ்சளாகிப் புகைபோக்கியில் கரி படிந்திருந்தது. பெட்டியின் பின்புறத்தையும் வாழும் அறையையும் பிரிக்கும் ரப்பர் அடைப்பு வெடித்திருந்தமையால், வெளியே போக வேண்டிய வாயு உள்ளே கசிந்தது. தரையிலிருந்த காற்றுத் துளை துவாலையால் அடைக்கப்பட்டிருந்தது. அது நம் கைங்கரியம். நான்காவதாக, உயிர் காக்கவென்று சுவரில் மாட்டியிருந்த எச்சரிக்கைக் கருவி ஒலிக்கவேயில்லை. அதைத் திருப்பிப் பார்த்தால், காலாவதியாகி ஓராண்டு ஆகியிருந்தது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகின்றது என்பதே பொருள். உள்ளிருக்கும் உணர்கருவி உயிரோடு இருக்கின்றது என்பதன்று. அத்தகைய கருவிகளுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகளே ஆயுள். அந்நாள் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

பெரியவர் குறிப்பேட்டைப் புரட்டினார். டயருக்குப் பக்கம் இருந்தது. எண்ணெய்க்குப் பக்கம் இருந்தது. எச்சரிக்கைக் கருவிக்கு ஒரு வரியும் இல்லை. நெடுநேரம் மௌனமாய் இருந்தார். நாம் துவாலைக்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் தலையசைத்து, “அந்தத் துளை எதற்கென்று உங்களிடம் சொல்லாதவன் நான்” என்றார். பிறகு துணைவியாரை நோக்கி, “நான் படுக்கையிலேயே மயங்கியிருந்தால், வால்வு எங்கே இருக்கிறதென்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அம்மையார் விடை சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. இருபது ஆண்டுகளாய் அவ்வண்டியில் சமைத்தவர், உறங்கியவர், பேரப்பிள்ளைகளை வளர்த்தவர், அவருக்குத் தெரியாது. அறிவு முழுவதும் ஒருவர் தலைக்குள் இருந்தது. அத்தலையும் மற்ற இருவருடையதைப் போலவே வலித்துக்கொண்டிருந்தது.

எஞ்சிய இரு நாள்கள் பயணமாக அன்றிப் பள்ளியாகவே கழிந்தன. அருங்காட்சியகத்தைக் கண்டோம், போடன்சே ஏரிக்கரையில் தங்கினோம். ஆனால் நினைவில் நிற்பது, அந்த அம்மையார் குறிப்பேட்டை மடியில் வைத்து முதல் முறையாக எழுதியதே. கணவர் சொல்லச் சொல்ல அவர் எழுதியவற்றுள் சில:

வால்வு வெளிப்புற அறையில், வலச்சுற்றாய் மூட வேண்டும். அவ்வறையின் அடியிலுள்ள துளையை ஒருபோதும் அடைக்கலாகாது. எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் கீழிறங்கி அவ்வழியே வெளியேற வேண்டும். குளிர்காலத்தில் புரொப்பேன் நிறைந்த சிலிண்டரையே வாங்க வேண்டும். புரொப்பேன் மைனஸ் 42 பாகை வரை ஆவியாகும். பியூட்டேனோ உறைநிலையை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டர் நிறைந்திருக்க அடுப்பு எரியாது. அடுப்பைக் கணப்பாகப் பயன்படுத்தலாகாது. கரியடுப்பை உள்ளே கொண்டுவரலாகாது.

நீர்த் தொட்டி நிறைந்தால் நூறு லிட்டர். அது நூறு கிலோ பாரம். வண்டியின் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டலாகாது. எவரும் குழாயைத் திறக்காத நள்ளிரவில் பம்ப் தானே ஒரு நொடி துடித்து நின்றால், எங்கோ ஓர் இணைப்பு சொட்டுகின்றது. பனிக்காலத்திற்கு முன் தொட்டியையும் வெந்நீர்க் கலத்தையும் வடித்து, குழாய்களைத் திறந்தே வைக்க வேண்டும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிந்து குழாயைப் பிளக்கும்.

டயரின் பக்கத்தில் அச்சிட்ட இறுதி நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். 2315 என்றிருந்தால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. மோட்டார் இல்லத்தின் டயர் தேய்ந்து சாவதில்லை. வெயிலில் நின்று வெடித்துச் சாகின்றது. ஆறு ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் வல்லவரிடம் காட்ட வேண்டும். இளவேனிலில் ஏணி வைத்துக் கூரையின் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். மூலையில் ஈரவாடை வீசினாலோ, சுவரைக் கட்டைவிரலால் அழுத்தும்போது மெத்தென்று இருந்தாலோ, மழைநீர் நெடுங்காலமாய் உள்ளே வந்துகொண்டிருக்கின்றது.

கடைசி வரியைக் கணவர் சொல்லவில்லை. அம்மையார் தாமே எழுதினார்: ‘எச்சரிக்கைக் கருவி – காலாவதி நாள்’. எதிரே புதிய கருவியின் நாளைக் குறித்து இருமுறை அடிக்கோடிட்டார்.

வாசக அன்பர்களே, இது ஏதோ தொலைநாட்டாரின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2024 டிசம்பரில் நம் அண்டை மாநிலமான கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என ஆய்வில் தெரிந்தது. சன்னலற்ற குளியலறையில் மாட்டும் எரிவாயு வெந்நீர்க் கருவியும், குளிர்ந்த மலை விடுதியில் அறைக்குள் மூட்டும் கரியடுப்பும், எஞ்சினை ஓடவிட்டு மூடிய காருக்குள் உறங்குவதும் இதே நஞ்சை ஈனும். உதகைக்கோ கோடைக்கானலுக்கோ குடும்பத்துடன் செல்வோர் இதை மறவாதிருப்பார்களாக.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகின்றது. உங்கள் இல்லத்தின் மின்சாரத்தை முழுவதும் நிறுத்தும் சுவிட்ச் எங்கே உள்ளது என்று வீட்டுத் தலைவிக்குத் தெரியுமா? சிலிண்டரின் ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டு எது என்று வீட்டுத் தலைவருக்குத் தெரியுமா? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாலைவடி நீர் ஊற்றும் முறையைப் பிள்ளைகள் அறிவார்களா? ஒருவர் மட்டும் அறிந்திருப்பது, அவர் விழித்திருக்கும் வரையே வீட்டைக் காக்கும். இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, அடுக்களையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஆணியில் மாட்டுங்கள். எல்லாரும் அதில் எழுதுங்கள்.

அப்பெரியவர் 2022-இல் தம் இல்லத்தில், தம் கட்டிலில், இதய நோயால் இயற்கை எய்தினார். கடந்த ஆண்டு அம்மையாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வண்டியை விற்றுவிடும்படி பிள்ளைகள் வற்புறுத்தினராம், விற்கவில்லையாம். பேத்தியை அழைத்துக்கொண்டு, தாமே ஓட்டி, அதே ஏரிக்கரைக்குச் சென்றிருக்கின்றார். முதல் நாள் மாலை குளிர்சாதனப் பெட்டி பற்றிக்கொள்ளவில்லையாம். அருகிலிருந்தவர்கள் பெட்டியைக் கழற்ற முனைந்தபோது, “சற்றுப் பொறுங்கள்” என்று சொல்லிவிட்டு வோல்ட் மீட்டரை எடுத்துப் பேட்டரியிடம் போயிருக்கின்றார். ஒரு ஃபியூஸ் தளர்ந்திருந்தது. அழுத்திப் பொருத்தியதும் பற்றிக்கொண்டதாம். பிறகு வெளியே சென்று குனிந்து, சுடர் நீலமாய் எரிவதைப் பேத்திக்குக் காட்டினாராம்.

குறிப்பேட்டில் இப்போது மூன்றாவது கையெழுத்தும் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கின்றார். பேத்திக்கு வயது பதினொன்று.